கட்டிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஒரு கைப்பேசி

மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டால் ஒரு பெண் முதலில் யாரிடம் சொல்வார்? குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைக்கிறவர், ராசிபுரத்தில் பாடம் நடத்துகிற ஆசிரியை என யாரைக் கேட்டாலும் விடை எளிதாக வராது. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருப்பார். திரும்பி வர இருபது நாளாகும். வளர்ந்த மகனிடம் சொல்லக் கூச்சம். மாமியாரிடம் சொல்லப் பயம். வேலையெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு கைப்பேசியை எடுத்து, ‘மார்பில் கட்டி எதனால் வருகிறது?’ என்று தேடுகிறார். அந்த நேரத்தில் திரையில் முதலாவதாக வந்து நிற்பது எதுவோ, அதுதான் அடுத்த சில வாரங்களில் அவர் எங்கே போவார், என்ன செய்வார் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது.

இதில் அவர் தவறு ஒன்றுமில்லை. வாய்விட்டுக் கேட்க முடியாததைக் கேட்க ஓர் இடம் இருப்பது நம் பாட்டிமாருக்குக் கிடைக்காத வசதி. அறுவைக்குப் பிறகு வடிகுழாயை எப்படிப் பார்த்துக்கொள்வது, அக்குளில் நெறிக்கட்டியை எடுத்தபின் கை வீங்காமலிருக்க என்ன பயிற்சி செய்வது, கொட்டிய முடி எப்போது முளைக்கும் என்பதையெல்லாம் நல்ல மருத்துவர்கள் தமிழிலேயே பேசிப் பதிவிட்டிருக்கிறார்கள். அதே திரையில், அதே அக்கறை தொனிக்கும் குரலில், உயிரை எடுக்கும் பொய்யும் வருகிறது. எது மெய், எது பொய் என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பை, பயந்துபோயிருக்கும் அந்த ஒருத்தியின் தலையில் ஊரே சேர்ந்து ஏற்றிவைத்திருக்கிறது. அந்தச் சுமையை நாம் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டுக்கான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்திருக்கிறது. ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்பு பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. மேலைநாட்டுப் பெண்களுக்கு வருவதைவிட ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே நம் பெண்களுக்கு இந்நோய் வருகிறது. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக் கடன் பாதி நிற்கும்போது வருகிறது.

நாற்பது நாள் கதை

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தம் மனைவி நவ்ஜோத் கௌர் நான்காம் நிலை மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டதைச் செய்தியாளர்களிடம் சொன்னார். சர்க்கரையையும் பாலையும் ஒதுக்கினோம். வேப்பிலை, பச்சை மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வினிகர் கொடுத்தோம். இடைவெளிவிட்டுச் சாப்பிட வைத்தோம். 40 நாளில் நோய் போய்விட்டது என்பதாக அவர் பேச்சின் ஒரு துண்டு நாடெங்கும் பரவியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தப் பொருள்கள் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குத் தரமான ஆதாரம் இல்லை, நிரூபிக்கப்படாத வைத்தியத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நவ்ஜோத் கௌருக்கு அறுவையும் கீமோவும் நடந்தன, குணமானது அதனால்தான் என்று மருத்துவமனை இயக்குநர் பிரமேஷ் வெளிப்படையாக எழுதினார். உணவு முறையை மருத்துவர்களின் ஆலோசனையோடுதான் கடைப்பிடித்தோம் என்று சித்துவும் பிறகு விளக்கம் தந்தார்.

அறுவை, கீமோ இரண்டும் அந்தக் கதையிலேயே இருந்தன. பரவிய துண்டிலோ வேப்பிலையும் மஞ்சளும் மட்டுமே மிஞ்சின. இரண்டும் நம் வீட்டு வாசலிலும் அடுப்படியிலும் கிடைப்பவை. காசு வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், யாரிடமும் சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டாம். அதனால்தான் அந்தத் துண்டு சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தது; 262 மருத்துவர்களின் அறிக்கை அவ்வளவு வேகமாக வரவில்லை. காணொளியை முன்னனுப்பியவர்களில் எத்தனை பேர் மறுப்பையும் முன்னனுப்பினோம் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுப் பார்க்கலாம்.

இது சித்து ஒருவரோடு முடிகிற விஷயம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மார்பகம் உள்ளிட்ட நான்கு புற்றுநோய்கள் பற்றிச் சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்பட்ட 200 கட்டுரைகளை மருத்துவர்களிடம் கொடுத்துச் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒன்றில் தவறான தகவல் இருந்தது. தவறான தகவல் கொண்ட கட்டுரைகளில் நான்கில் மூன்று பங்கு, நம்பினால் உடலுக்குத் தீங்கு தரக்கூடியவை. சரியானவற்றைவிடத் தவறானவற்றுக்கே மக்களின் வரவேற்பும் அதிகம்.

அறுபது நாள்

தகவலின் தரத்தை எதை வைத்து அளப்பது? உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது. நோய் கண்டறியப்படுவோரில் 60 விழுக்காட்டினராவது முதல் இரண்டு நிலைகளிலேயே வந்து சேர வேண்டும். மருத்துவரிடம் முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று உறுதியாகிவிட வேண்டும். நோயுற்றவர்களில் 80 விழுக்காட்டினராவது சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும்.

இந்த மூன்று இடங்களிலும் நம் ஊரில் பெண்கள் எங்கே நின்றுபோகிறார்கள் என்று பாருங்கள். ‘வலியே இல்லையே, கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும்’ என்பது முதல் நிறுத்தம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் இல்லை. எது எது என்று கையால் தொட்டோ கைப்பேசியில் பார்த்தோ சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும். ‘கத்தி பட்டா பரவிருமுங்க’ என்பது இரண்டாவது நிறுத்தம். ஊசி வழியாகக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவிவிடும் என்பது உண்மையில்லை. அதை எடுத்துப் பார்க்காமல் சரியான மருந்தை முடிவுசெய்யவே முடியாது. மூன்றாவது நிறுத்தம் சிகிச்சைக்கு நடுவில். கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முதல் ஊசிக்குப் பிறகு தலை வாரும்போது முடி கொத்தாகச் சீப்போடு வருகிறது, வாய் புண்ணாகி ரசம் சோறுகூட எரிகிறது. அந்த நாளில் பார்த்து, ‘கீமோதான் ஆளைக் கொல்லுது’ என்றொரு காணொளியைச் சொந்தக்காரர் யாராவது அனுப்பிவைத்தால், இரண்டாவது ஊசிக்கு அவர் போவாரா?

ஆகவே நம் ஊருக்கு ஒரே அளவுகோல் போதும். இந்தத் தகவல் அந்தப் பெண்ணை மருத்துவமனை வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறதா, நாளைத் தள்ளிப்போட வைக்கிறதா? நாளைத் தள்ளிப்போட வைப்பது எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், எவ்வளவு பழைய ஓலைச்சுவடியைக் காட்டினாலும், அது கெட்ட தகவல்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, உடலின் வேறு இடங்களுக்குப் பரவாத நிலையில் மார்பகம், நுரையீரல் முதலான நான்கு புற்றுநோய்களுள் ஒன்று கண்டறியப்பட்டு, வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரைத் தொடர்ந்து பார்த்தது. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களில், அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் இறக்கும் ஆபத்து சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்தரை மடங்குக்கும் மேல். இது சித்த மருத்துவத்துக்கு எதிரான வாதம் ஆகாது. நம் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவுகள் இருக்கின்றன. குமட்டலுக்கும் பசிக்கும் தூக்கத்துக்கும் துணையாக ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்பினால், தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு, புற்றுநோய் மருத்துவருக்கும் சொல்லிவிட்டு எடுக்கலாம். சிகிச்சைக்குத் துணையாக ஒரு மருந்தை எடுத்துக்கொள்வது வேறு. சிகிச்சையை நிறுத்திவிட்டு அதை எடுத்துக்கொள்வது வேறு. பின்னதைச் சொல்கிறவர் எந்த மருத்துவத்தின் பெயரைச் சொன்னாலும் நம்பக் கூடாது.

ஒரு முன்னனுப்பலைப் பிரித்துப் பார்ப்போம்

பண்ணையில் முட்டையை விளக்கொளியில் காட்டி நல்லதையும் கெட்டதையும் பிரிப்பதுபோல, வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். முள்சீத்தாப் பழச்சாறு கீமோவைவிட 10,000 மடங்கு வீரியமானது, எல்லாப் புற்றுநோயையும் கொல்லும், மருந்துக் கம்பெனிகள் இதை மறைக்கின்றன என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்த 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முள்சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருளை ஆய்வகத் தட்டில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள்மீது சோதித்தார்கள். ஒரு குறிப்பிட்ட கீமோ மருந்தோடு ஒப்பிட்டு அந்த எண்ணைச் சொன்னார்கள். விதையிலிருந்து பிரித்த பொருள், பழச்சாறு அன்று. தட்டில் இருந்த செல், மனித உடல் அன்று. பெருங்குடல், மார்பகம் அன்று. மூன்று படிகளையும் தாண்டிக் குதித்து வந்திருக்கிறது அந்தச் செய்தி. மருந்துக் கம்பெனி மறைக்கிறது என்று சொல்லப்படும் ஆய்வு, யாரும் எடுத்துப் படிக்கும்படி ஆய்விதழில் வெளியாகி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கரீபியனில் உள்ள குவாதலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு மிகுதியாக இருப்பதாக 1999இல் ‘லான்செட்’ இதழில் ஆய்வு வந்தது. அந்த வரி மட்டும் முன்னனுப்பலில் இல்லை. ஒரு பழத்தை ஆசைக்குத் தின்பதில் தீங்கில்லை. கஷாயமாக மாதக்கணக்கில் குடித்துக்கொண்டு சிகிச்சையை விடுவதில்தான் கேடு இருக்கிறது.

பொய்களில் பல இப்படி ஒரு துளி மெய்யோடு கலந்துதான் வருகின்றன. தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வராது என்பார்கள். பன்னிரண்டு மாதம் தாய்ப்பால் கொடுத்தால் ஆபத்து 4 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்று 2002இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு சொல்கிறது. வரவே வராது என்று அது சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த அம்மா, ‘எனக்கெல்லாம் வராது’ என்று கட்டியை மறைத்து வைத்துக்கொள்வது அந்தத் துளி மெய்யை முழுதாக நம்பியதன் விளைவு.

அறிக்கையில் மூன்று வரி

நோய் உறுதியான பிறகு தேடல் இன்னும் தீவிரமாகிறது. சதைப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் மகனோ மகளோ அதைப் படம் பிடித்து, எங்கோ சாலையோரம் லாரியை நிறுத்தியிருக்கும் அப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அவர் அதைத் தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறார். ஆளுக்கொரு காணொளி திரும்பி வருகிறது.

அந்த அறிக்கையில் மூன்று வரிகள் முக்கியமானவை. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதலிரண்டும் கட்டியின் செல்களில் ஹார்மோனுக்கு இணங்கும் ஏற்பிகள் உள்ளனவா என்று சொல்கின்றன. மூன்றாவது, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று சொல்கிறது. ஈ.ஆர். உள்ளவருக்கு ஐந்தாண்டோ அதற்கு மேலோ தினமும் விழுங்கும் ஹார்மோன் மாத்திரை பெரிய காவல். அது இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. ஹெர்-2 மிகுந்தவருக்கு ட்ராஸ்டுஜுமாப் என்ற ஊசி உண்டு. மற்றவருக்கு அது தேவையில்லை. மூன்றும் இல்லாத வகைக்கு வழி வேறு. ஒருவருக்கு முதலில் அறுவை, பிறகு கீமோ. இன்னொருவருக்கு முதலில் கீமோ, பிறகு அறுவை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைத்தார்கள், நமக்கு ஏன் வைக்கவில்லை என்ற சந்தேகத்துக்கும், அவருக்கு மார்பை எடுக்கவில்லை, நமக்கு ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்ற ஆத்திரத்துக்கும் விடை பெரும்பாலும் கட்டியின் அளவிலும் நோயின் நிலையிலும் இருக்கிறது.

ஆகவே, எந்த வகை, எந்த நிலை என்று கேட்காமல் ‘மார்பகப் புற்றுநோய்க்கு இதுதான் மருந்து’ என்று பேசுகிற எவரும், அவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும், நமக்கு ஆலோசனை சொல்லவில்லை. புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இது பொருந்தும். தமிழில் கேட்டால் தமிழில் தடையில்லாமல் பதில் சொல்கின்றன. அவை நோயாளியைத் தொட்டுப் பார்த்ததில்லை, மற்ற அறிக்கைகளைப் பார்த்ததில்லை, தவறாகச் சொன்னால் அதற்குப் பொறுப்பேற்கவும் ஆளில்லை. மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் போட அவற்றைப் பயன்படுத்தலாம். மாத்திரையை நிறுத்தலாமா என்று அவற்றிடம் கேட்கக் கூடாது.

மீண்டு வந்தவர்களின் அனுபவத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். நடிகை கௌதமி 35 வயதில் இந்நோய் வந்து, சிகிச்சை பெற்று, அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அந்தப் பேச்சு எத்தனையோ பெண்களுக்குத் தைரியம் தந்தது. தைரியத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் பெறலாம். மருந்துச் சீட்டை அப்படிப் பெற முடியாது.

முட்டைக்காகப் பேசுகிற ஊர்

2025 டிசம்பரில் முட்டை சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், முட்டை பாதுகாப்பானது, புற்றுநோயோடு அதைத் தொடர்புபடுத்துவது தவறானது என்று விளக்கம் தர வேண்டியிருந்தது. முட்டை பற்றிய வதந்தி கோழிப்பண்ணை ஊரான நாமக்கல்லுக்குப் புதிதில்லை. ஒவ்வொரு முறையும் பண்ணையாளர்கள், வியாபாரிகள், கால்நடை மருத்துவர்கள், செய்தியாளர்கள் எல்லோரும் சேர்ந்து மறுக்கிறார்கள். விலை சரிந்தால் ஊரே பாதிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். வதந்தியை எப்படி எதிர்கொள்வது என்று யாரும் இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டைக்காக ஒன்றுசேர்கிற நாம், நம் வீட்டுப் பெண்களின் உயிரைக் குறிவைக்கும் வதந்திக்கு எதிராகவும் அப்படி ஒன்றுசேர வேண்டும்.

ஏனென்றால் வேறு காவல் இல்லை. ஜெனீவாவைச் சேர்ந்த ‘ஹெல்த் ஆன் த நெட்’ அறக்கட்டளை 1996 முதல் மருத்துவ இணையதளங்களைச் சோதித்து நம்பகச் சான்று வழங்கிவந்தது. 2022 இறுதியில் அது தன் பணியை நிறுத்திவிட்டது. யூடியூப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் புற்றுநோய் பற்றிய பொய்களை நீக்கப்போவதாக அறிவித்தது. பூண்டு புற்றுநோயைக் குணப்படுத்தும், கதிர்ச் சிகிச்சைக்குப் பதில் வைட்டமின் சி எடுத்துக்கொள் என்பவற்றை நீக்கப்படும் பொய்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. தமிழ்க் காணொளிகளில் அந்த விதி நடைமுறைக்கு வர வேண்டுமானால், பார்க்கிற நாம் புகாரளிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம், புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடைசெய்கிறது. அதே 1954இல்தான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாறில் புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. நிலையம் எழுபது ஆண்டுகளாக ஏழைகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சட்டமோ ‘குணம் நிச்சயம், கூரியரில் அனுப்பிவைக்கிறோம்’ என்று கைப்பேசி எண்ணோடு வரும் விளம்பரங்களுக்கு முன்னால் உறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆளுக்கொரு பங்கு

முதல் பங்கு முன்னனுப்புகிறவர்களுடையது. அன்பினால்தான் அனுப்புகிறோம். அன்பிருந்தால் அனுப்புவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும். யார் சொல்கிறார், அவருக்கு என்ன தகுதி? எதை ஆதாரமாகக் காட்டுகிறார்? இதனால் அவருக்கு என்ன லாபம்? எப்போது சொன்னது? 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இணையத் தகவலுக்கு வகுத்த அளவுகோல்களும் இவைதான். பிரிட்டனில் உருவான ‘டிஸ்செர்ன்’ என்ற 16 கேள்விகள் கொண்ட அளவுகோல் இன்னும் ஆழமாகப் போகிறது. சிகிச்சையின் நன்மையோடு பக்கவிளைவையும் சொல்கிறதா, சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறதா, உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறதா என்றெல்லாம் கேட்கிறது. நூற்றுக்கு நூறு குணம், பக்கவிளைவே கிடையாது என்கிற எதுவும் இந்தக் கேள்விகளைத் தாண்டாது. ஐயமிருந்தால் அனுப்பாமல் இருப்பதே உதவி. கட்டியோடு இருக்கும் அக்காவுக்குக் காணொளி அனுப்புவதைவிட, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவரோடு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நிற்பது பெரிய உதவி.

இரண்டாவது பங்கு மருத்துவமனைகளுடையது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசை எவ்வளவு நீளம் என்பது நமக்குத் தெரியும். 2022இல் வந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி அந்தச் சுமையைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்கிறது. ஒரு மருத்துவருக்கு ஒரு நோயாளியோடு பேச ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அந்த ஐந்து நிமிடத்தில் விளக்கிச் சொல்லப்படாததுதான் இரவில் யூடியூபில் தேடப்படுகிறது. அரசு, தனியார் எதுவானாலும், நோய் உறுதியானவரிடம் ஒரு தமிழ்த் தாள் கொடுத்தனுப்ப வேண்டும். உங்கள் நோயின் வகை இது, நிலை இது, சிகிச்சையின் வரிசை இது, இன்னின்ன பக்கவிளைவு வரும், காய்ச்சல் வந்தால் உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று எழுதியிருக்க வேண்டும். நம்பிப் பார்க்கத் தகுந்த நான்கைந்து தமிழ்க் காணொளிகளுக்கு க்யூஆர் குறியீடு அதன் அடியிலேயே இருக்கலாம். ‘நெட்டில் பார்த்தேன் டாக்டர்’ என்று நோயாளி சொன்னால் எரிச்சல்படாமல், என்ன பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி ஒன்றே பல பொய்களை அங்கேயே நிறுத்திவிடும்.

மூன்றாவது பங்கு வீடு தேடி வருகிறவர்களுடையது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்தோடு நம் வீட்டுப் படியேறுகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் எல்லா வீட்டையும் அறிவார். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதிப்பதற்கு எவ்வளவு பலன் என்று மும்பையில் 1,51,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. தெரிந்த முகமாக வீட்டுக்கு வருகிற இந்தப் பெண்களிடம், சரிபார்க்கப்பட்ட தமிழ்க் காணொளிகளைக் கொடுத்து, வதந்திகளுக்குப் பதில் சொல்லவும் பயிற்சி தர வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

நான்காவது பங்கு படித்தவர்களுடையது. ஆங்கிலத்தில் நல்ல தகவலுக்குக் குறைவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம், பிரிட்டனின் ‘கேன்சர் ரிசர்ச் யுகே’, நம் டாடா நினைவு மையம் என நம்பகமானவை பல இருக்கின்றன. அவற்றில் வெளிநாட்டவை சொல்லும் பரிசோதனை வயதும் செலவுக் கணக்கும் அந்தந்த நாட்டுக்கானவை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும் என்பதை அவை எப்படிச் சொல்லும்? அதைத் தமிழில், சங்ககிரியிலும் பரமத்தியிலும் இருக்கிற ஒருவருக்குப் புரியும்படி சொல்ல இங்குள்ளவர்கள்தான் எழுத வேண்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இதழியல் மாணவர்களும், இரு மாவட்ட மருத்துவக் கல்லூரி மாணவர்களும், திருச்செங்கோடு பக்கத்துக் கணினிப் பிள்ளைகளும் ஒரு பருவத் தேர்வுப் பணியாக இதை எடுத்துச் செய்யலாம். மருத்துவர்கள் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

ஐந்தாவது பங்கு ஊடகங்களுடையதும் அரசுடையதும். பத்திரிகைகளும் உள்ளூர் கேபிள் அலைவரிசைகளும் யூடியூபர்களும் ‘புற்றுநோய்க்கு நிச்சய குணம்’ விளம்பரத்தை வாங்க மறுக்க வேண்டும். பேட்டிக்கு வருகிறவரிடம், உங்கள் பதிவு எண் என்ன, ஆதாரம் என்ன என்று கேமரா முன்னாலேயே கேட்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் காவல்துறையும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும். பணம் பறித்துக்கொண்டு நோயை முற்றவிட்டு நோயாளியைத் திருப்பி அனுப்புகிறவர்மீது புகார் கொடுக்க, வெட்கத்தால் தயங்கும் குடும்பத்துக்குத் துணையாக ஊர்ப் பெரியவர்கள் போக வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை, ஒப்புதல்தான் தேவை. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு பேரணி போகிறோம். அடுத்த அக்டோபருக்குள் சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்கள், அரசு மருத்துவக் கல்லூரிகள், இந்திய மருத்துவச் சங்கக் கிளைகள், மருந்துக்கடைக்காரர் சங்கங்கள், பத்திரிகையாளர்கள், நோயிலிருந்து மீண்ட பெண்கள் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, நம்பத்தகுந்த தமிழ்த் தகவல்களின் ஒரே பட்டியலை முடிவுசெய்து வெளியிட வேண்டும். மருந்துக்கடைப் பலகையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் தறிப்பட்டறை வாசலிலும் அது ஒட்டப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் கூப்பிட 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணும் அதிலேயே பெரிதாக இருக்கட்டும்.

கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்வாங்குதல், காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் நெறிக்கட்டி இவற்றில் எதைக் கண்டாலும் தேடலை முடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள் என்று அந்தப் பட்டியலின் முதல் வரி சொல்ல வேண்டும். இரவில் தனியாகத் தேடுகிற ஒரு பெண்ணின் கண்ணில் முதலில் படுவது அந்த வரியாக இருக்கும்படி செய்வது இந்த இரண்டு மாவட்டங்களில் உள்ள நம் எல்லோருடைய கடமை. அதை இந்த ஆண்டிலேயே செய்து முடிக்க நம்மால் முடியும்.